பட்டை இறுகும்போது பல்ஸ் என்ன ஆகிறது? 24 மணி நேர பிபி கருவி அணிபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு 24 மணி நேர பிபி பரிசோதனை எடுத்த ரிப்போர்ட் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. நான்கு பக்கம். அதில் இரவு 2:32-க்கு நேராக பல்ஸ் 96. அன்று அவர் இன்னொரு கையில் என் பழைய வாட்சைக் கட்டியிருந்தார்; அது 2:26-க்குக் குறித்து வைத்தது 62. தூங்குகிற மனிதருக்கு ஆறு நிமிடத்தில் 34 துடிப்பு ஏறுமா? "ஹார்ட்லதான் ஏதோ இருக்கு" என்று அம்மா அப்போதே முடிவு கட்டிவிட்டார்.

ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 96-க்கு மேலே, 2:30-க்கு ஒரு வரி. அதில் எண்ணே இல்லை, பிழைக் குறி மட்டும். விஷயம் அங்கேதான் இருந்தது. 2:30-க்கு, மேல்கையில் கட்டிய பிபி பட்டை இறுகியபோது அப்பா புரண்டு படுத்திருக்கிறார். கருவியால் அளக்க முடியவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, முன்பைவிட அழுத்தமாகக் காற்றை ஏற்றி மறுபடி முயன்றிருக்கிறது. அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, "இந்தச் சனியனக் கழட்டித் தொலைங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கே கேட்டது. அந்த 96 அவருடைய கோபத்தின் அளவு.

பிபி பரிசோதனைக்குப் போனவர்கள் எல்லாரும் பிபி எண்ணைத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பல்ஸ் பத்தியைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு, கண்டுகொள்ளாமல் விடுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. அந்த எண் எப்படி வருகிறது, கருவியே அதை எங்கெல்லாம் மாற்றுகிறது, அதை எப்படிச் சமாளிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கருவி பல்ஸை எப்படி எண்ணுகிறது

மருத்துவர்கள் இதை ஏபிபிஎம் என்பார்கள். மேல்கையில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், இடுப்பில் பழைய வாக்மேன் அளவுக்கு ஒரு பெட்டி. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, இரவில் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகக் காற்று ஏறி இறங்கும். 1960-களில் சான் பிரான்சிஸ்கோவில் மாரிஸ் சோகோலோவ் குழுவினர் பயன்படுத்திய கருவியில் நோயாளியே கையால் பம்ப் செய்ய வேண்டும். அதனால் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அளவு கிடைத்தது. இப்போது கருவி நம்மைக் கேட்காமலே அளக்கிறது. இரவு அளவு கிடைத்தது அதனால்தான். இரவுத் தொல்லையும் அதனால்தான் வந்தது.

பட்டை முதலில் உங்கள் பிபியின் மேல் எண்ணை (120/80-இல் அந்த 120) தாண்டி இறுகி, கைக்குப் போகும் ரத்தத்தைச் சில விநாடி நிறுத்துகிறது. பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. ரத்தம் மறுபடி பாயத் தொடங்கும்போது ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றை லேசாக உதறும். அந்த உதறல்கள் எவ்வளவு பெரிதாகின்றன, எப்போது சிறிதாகின்றன என்பதை வைத்து பிபியைக் கணக்கிடுகிறது. உதறலுக்கும் உதறலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை வைத்து பல்ஸைப் போடுகிறது. அதாவது பல்ஸ், பிபி அளக்கும்போது கூடவே கிடைக்கும் உபரி.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இதயம் எத்தனை தடவை சுருங்கியது என்பது இந்தக் கருவிக்குத் தெரியாது. கை வரை வந்து சேர்ந்த துடிப்புகள் மட்டுமே தெரியும். ஈசிஜி இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்கிறது, இது கையில் வந்து மோதும் அலையைப் பார்க்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டும் ஒன்றுதான். சிலருக்கு இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, அது பார்க்கும் நேரம் மிகக் கொஞ்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பகல் 16 மணி நேரம் 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 48 அளவு. இரவு 8 மணி நேரம் அரை மணிக்கு ஒன்று என்றால் 16. மொத்தம் 64. ஒவ்வொன்றிலும் காற்று இறங்கும் நேரத்தைத் தாராளமாக 30 விநாடி என்று வைத்தால், 32 நிமிடம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் உங்கள் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. அதில் இந்தக் கருவி எண்ணியது சுமார் 2,240. பிபியைப் பொறுத்தவரை இது போதும் என்று பல ஆண்டு ஆராய்ச்சி சொல்கிறது. இதயத் துடிப்பின் முழுக் கதை வேண்டுமென்றால் இது போதாது. அதற்கு, ஈசிஜியை நாள் முழுக்கத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் கருவி இருக்கிறது.

பட்டை இறுகுவதால் துடிப்பே மாறுமா?

மாறும். ஆனால் எல்லா நேரத்திலும் ஒரே திசையில் மாறாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: இந்தக் கருவி பகலில் உங்கள் துடிப்பைக் குறைவாகவும், இரவில் கூடுதலாகவும் காட்ட வாய்ப்பு அதிகம்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த பயம். 1983-இல் மிலான் நகரில் ஜுசெப்பே மான்சியா குழுவினர், மருத்துவமனையில் இருந்தவர்களின் தமனிக்குள்ளேயே மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். மருத்துவர் கட்டிலருகே வந்து பட்டையைச் சுற்றி பிபி பார்த்த முதல் சில நிமிடங்களில் மேல் எண் சராசரியாக 27 வரை ஏறியது. கூடவே இதயத் துடிப்பும் 16 போல ஏறியது. பத்து நிமிடத்தில் பெரும்பாலும் இறங்கிவிட்டது. பிபி மட்டும்தான் பயத்தில் ஏறும் என்று நினைக்கிறோம். நாடியும் சேர்ந்துதான் ஓடுகிறது.

ஏபிபிஎம் கருவியில் மருத்துவர் பக்கத்தில் இல்லை, அதனால் இந்தப் பயம் குறைவு. ஆனால் மாட்டிய முதல் ஒரு மணி நேரம் அப்படி இல்லை. மருத்துவமனை வாசனை, புதுக் கருவி, ஆட்டோவில் போகும்போது திடீரென்று "விர்ர்" என்று இறுகும் பட்டை. அந்த முதல் சில அளவுகளில் பிபியும் பல்ஸும் சேர்ந்தே உயரமாக இருப்பது சகஜம்.

பகல் விஷயம் கொஞ்சம் விநோதமானது. கருவி இறுகத் தொடங்கியதும் என்ன செய்யச் சொல்கிறார்கள்? நின்றுவிடு, கையைத் தளர்த்து, பேசாதே. நீங்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தீர்கள், துடிப்பு 118. பட்டை இறுகியதும் நின்றுவிட்டீர்கள். இறுகி, இறங்கி, எண்ணி முடிக்கும் நேரத்துக்குள் துடிப்பு கிடுகிடுவென்று இறங்குகிறது. கடும் உழைப்பை நிறுத்திய முதல் நிமிடத்திலேயே 12-க்கு மேல் இறங்குவதுதான் ஆரோக்கியமான இதயத்தின் குணம். ஆக ரிப்போர்ட்டில் பதிவாவது, நின்று மூச்சு வாங்கியவரின் 98. நடக்கும்போது பட்டை இறுகினால் கருவி அளக்கத் திணறும், அளவே விழாமல் போகும். நீங்கள் சுறுசுறுப்பாக இருந்த நேரங்கள் இப்படிப் பல்ஸ் பத்தியிலிருந்து வடிகட்டப்பட்டுவிடுகின்றன. வாட்ச் காட்டும் பகல் சராசரி கூடவும், ஏபிபிஎம் காட்டும் பகல் சராசரி குறையவும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

இரவில் தலைகீழ். பட்டை இறுகும்போது சிலர் முழுதாக விழித்துவிடுவார்கள். பலர் விழிப்பதாக உணரவே மாட்டார்கள், ஆனால் தூக்கம் ஆழத்திலிருந்து மேலே வந்துவிடும். 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு இதையே பார்த்தது: பட்டை இறுகுவது தூக்கத்தைக் கலைக்கிறது, அப்படிக் கலையும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஆக அளக்கப்படுவது உண்மையான தூக்க அழுத்தம் அல்ல. தூக்கம் கலையும்போது நாடியும் துள்ளும் என்பது உடலியக்கம் அறிந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. என் மனைவி இதைக் கட்டிக்கொண்டு கும்பகர்ணி மாதிரி தூங்கினாள். அப்பாவுக்குக் கொசு சத்தம் போதும்.

படி 1: மாட்டப் போவதற்கு முன்

குளித்துவிட்டுப் போங்கள். மாட்டிய பின் 24 மணி நேரம் குளியல் கிடையாது. நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமில்லை. அரைக்கை, தொளதொளப்பான சட்டை போடுங்கள். சேலை கட்டுபவர்கள் கை இறுக்கமில்லாத ரவிக்கையாகப் பாருங்கள். ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது தனியாக ஒரு பட்டை மாதிரி கையை இறுக்கும்.

மாத்திரைகளை மருத்துவர் சொன்னபடியே போடுங்கள். "டெஸ்ட் இருக்குன்னு இன்னிக்கி நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். முக்கியமாக மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நேரடியாகத் துடிப்பைக் குறைப்பவை. அவற்றைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், சிலருக்கு அது ஆபத்தாகவே முடியும். தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் எடுப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள்.

எந்தக் கையில் கட்டக்கூடாது என்பதையும் முன்பே சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கை கூடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையையும் தவிர்ப்பார்கள். டெக்னீஷியன் கேட்க மறந்தாலும் நீங்கள் வாயைத் திறங்கள்.

படி 2: பட்டையும் வாட்சும் ஒரே கையில் வேண்டாம்

பொதுவாக இரண்டு கையிலும் ஒரு தடவை பிபி பார்ப்பார்கள். மேல் எண் 10-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கூடுதலாக உள்ள கையில் கட்டுவார்கள். இல்லையென்றால் அதிகம் பயன்படுத்தாத கை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அது இடது கை. வாட்ச் கட்டுவதும் அதே இடது கையில்தானே? சிக்கல் இங்கேதான்.

ஸ்மார்ட் வாட்ச் உங்கள் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் வந்து போகும் ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. மேலே மேல்கையில் பட்டை இறுகி ரத்தத்தையே நிறுத்திவிட்டால், கீழே மணிக்கட்டில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டிய அதே கையில் பிபி பட்டை இறுகும்போது மானிட்டர் அலறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

நானே ஒரு தடவை சோதித்தேன். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, வீட்டு பிபி மெஷினை இடது கையில் கட்டி, வாட்சையும் அதே கையில் விட்டுவிட்டுப் பார்த்தேன். தொடங்கும்போது 74. பட்டை இறுக இறுக வாட்ச் 74-லேயே உறைந்து நின்றது, ஏதோ தெரிந்த மாதிரி. அப்புறம் இரண்டு கோடு மட்டும். காற்று இறங்கியதும் திடீரென்று 103. பத்து விநாடி கழித்து 75. அந்த 103 எங்கிருந்து வந்தது? என் இதயத்திலிருந்து இல்லை. வலது கை விரலை இத்தனை நேரமும் கழுத்து நாடியில்தான் வைத்திருந்தேன், அது சீராகத்தான் ஓடியது. தொலைந்த சமிக்ஞையை வாட்ச் மறுபடி பிடிக்கும்போது போட்ட தவறான ஊகம் அது. வாட்சை வலது கைக்கு மாற்றிச் செய்தால் இந்தக் கூத்து எதுவும் இல்லை.

எனவே கருவியை மாட்டியதும் வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள். வளையல், பிரேஸ்லெட்டையும் மாற்றிவிடுங்கள். இறுகும்போது கை சற்று வீங்கி வலிக்கும்.

பட்டையின் அளவையும் கவனியுங்கள். சாதாரணப் பட்டை மேல்கைச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. உள்ளவர்களுக்கானது. தடித்த கையில் சின்னப் பட்டை கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். அதற்கு மேல், வலியும் அதிகம், தோல்வியுறும் அளவுகளும் அதிகம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு மறுமுயற்சி, ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் கூடுதல் அழுத்தம், கூடவே கூடுதல் எரிச்சல். பல்ஸ் ஏறுவது அந்த வழியாகத்தான்.

படி 3: பகல் பொழுது

வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். கோலம் போடலாம், சமைக்கலாம், ஆபீஸ் போகலாம். ஜிம் வேண்டாம், மாவு மூட்டை தூக்க வேண்டாம். பட்டை இறுகும்போது மட்டும் நின்று, கையைத் தளர்த்தி, இதயத்தின் மட்டத்தில் ஏதாவது மேல் வைத்து, வாயை மூடிக்கொள்ளுங்கள். கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தத் தசை முறுக்கமே பிபியையும் துடிப்பையும் கூட்டும். பேசினாலும் கூடும். போனில் மாமியாரிடம் பேசினால் எவ்வளவு கூடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை என்றாலும் எனக்கு ஓர் ஊகம் உண்டு.

இரு சக்கர வண்டி ஓட்டாமல் இருப்பது நல்லது. ஹேண்டில்பாரின் அதிர்வு பட்டைக்குப் போய், துடிப்பு எது, குலுங்கல் எது என்று கருவிக்குத் தெரியாமல் போகும். பாதி அளவுகள் பிழையாக வரும். ஓடும் வண்டியில் கை இறுகுவது அதைவிட ஆபத்து. டவுன் பஸ்ஸில் போனாலும் இந்தக் குலுக்கல் உண்டு, ஆனால் அங்கே நீங்கள் ஓட்டவில்லை.

காபி, டீ, சிகரெட்டை மறைக்க வேண்டாம். குடித்தால் குடித்த நேரத்தை எழுதுங்கள், அவ்வளவுதான்.

படி 4: இரவு

பெட்டியைத் தலையணைக்கு அடியிலோ பக்கத்திலோ வைத்து, குழாய் உடம்புக்கு அடியில் மடங்காமல் தோள் வழியாக மேலே போகும்படி விடுங்கள். குழாய் மடங்கினால் அளவு தோல்வி, தோல்வியென்றால் மறுமுயற்சி. அப்பா விஷயத்தில் நடந்தது இதுதான். பட்டை கட்டிய பக்கம் ஒருக்களித்துப் படுக்காதீர்கள்.

தூக்கம் லேசானவர்கள், இரவு இடைவெளியைக் கூட்ட முடியுமா என்று மாட்டும்போதே கேளுங்கள். அரை மணியை ஒரு மணி ஆக்கினால் தூக்கம் கலைவது பாதியாகும். ஆனால் இரவில் குறைந்தது 7 நல்ல அளவு வேண்டும் என்பது வழக்கம், அதனால் ஒரு மணி இடைவெளியில் இரண்டு தோற்றால் பரிசோதனையே வீணாகலாம். இதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, தூக்கம் எப்படிப்பட்டது என்று உண்மையைச் சொல்வது. நைட் ஷிஃப்ட் போகிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவிக்கு இரவு என்பது கடிகாரம்தான்.

படி 5: டைரி

இந்தப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், எனக்கு இதுதான் உயிர்நாடி. ஒரு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக எழுத வேண்டாம். இப்படிப் போதும்:

காலை 10:40 – மாடிப்படி, பாதியில் இறுகியது, நின்றேன்.
மதியம் 1:15 – சாப்பாடு. 2 முதல் 3 வரை தூக்கம்.
மாலை 5:20 – கரண்ட் பில் தகராறு.
இரவு 10:30 – படுத்தேன். 1:00 – பாத்ரூம்.

ரிப்போர்ட்டில் 5:20-க்கு பல்ஸ் 101 என்று இருந்தால் மருத்துவர் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டியதே இல்லை. மதியத் தூக்கத்தைக் குறிப்பது முக்கியம், ஏனென்றால் அந்தக் குறைந்த எண்கள் பகல் சராசரியைக் கீழே இழுக்கும்.

படி 6: ரிப்போர்ட்டில் பல்ஸ் பத்தியை வாசிப்பது

முதலில் பரிசோதனை உருப்படியாக நடந்ததா என்று பாருங்கள். எடுத்த அளவுகளில் 70 சதவீதமாவது செல்லுபடியாக வேண்டும்; பகலில் 20, இரவில் 7 நல்ல அளவுகள் வேண்டும். பிபிக்கான வரம்பும் தெரிந்திருக்கட்டும்: 24 மணி நேரச் சராசரி 130/80, பகல் 135/85, இரவு 120/70. ஐரோப்பிய வழிகாட்டிகளின்படி இந்த அளவை எட்டினால் உயர் ரத்த அழுத்தம். கிளினிக்கில் பார்க்கும் 140/90-ஐ இதோடு ஒப்பிடாதீர்கள்.

இப்போது பல்ஸ். உச்ச எண்ணில் கண்ணை வைக்காதீர்கள். நான் செய்வது இது: பென்சிலை எடுத்து முதல் ஒரு மணி நேர வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். பிழைக் குறி உள்ள ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு புள்ளி. அது மறுமுயற்சி, அதில் எரிச்சல் கலந்திருக்கும். டைரியில் காரணம் உள்ளவற்றுக்கும் ஒரு புள்ளி. புள்ளி இல்லாமல் மிஞ்சும் வரிகள்தான் உங்கள் இதயத்தின் சாதாரண நாள். அப்பாவுக்கு அப்படி மிஞ்சிய இரவு எண்கள் 56-லிருந்து 66-க்குள் அடங்கிவிட்டன. இது நீங்கள் புரிந்துகொள்வதற்கான வழி. எந்த வரியையும் அடிக்க வேண்டாம், மருத்துவர் முழுசாகப் பார்க்கட்டும்.

பிபியும் பல்ஸும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஏறியிருந்தால், பயம், உழைப்பு, தூக்கக் கலைவு இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு. பல்ஸ் அமைதியாக இருக்க பிபி மட்டும் தொடர்ந்து ஏறியே இருந்தால் அதைக் கோபத்தின் மேல் போட முடியாது. இரவு பிபி பகலைவிட 10 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பார்கள். இறங்கவில்லை என்று வந்து, இரவுப் பல்ஸும் துள்ளித் துள்ளி இருந்தால், "டெஸ்ட் அன்று தூங்கவே இல்லை" என்று சொல்லுங்கள். மருத்துவர் மறுபடி எடுக்கச் சொல்லலாம். குறட்டை விடுபவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அங்கே தூக்கத்தைக் கலைப்பது பட்டையாக இல்லாமல் மூச்சுத் தடையாகவும் இருக்கலாம்.

ஓய்வில் இருக்கும்போதும் துடிப்பு எப்போதும் 80-க்கு மேலேயே ஓடுகிறது என்றால் அதை உபரி எண் என்று தள்ளாதீர்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதை ஓர் ஆபத்துக் காரணியாகவே ஐரோப்பிய வழிகாட்டிகள் சேர்த்திருக்கின்றன.

படி 7: எண் பாதியாக வந்தால்

மேலே விட்டு வைத்த விஷயம் இது. சிலருக்கு இதயம் முறைப்படி ஒரு துடிப்பு, உடனே அவசரமாக ஒரு துடிப்பு என்று மாறி மாறி அடிக்கும். அவசரத் துடிப்பின்போது இதய அறை நிரம்பியிருக்காது. வெளியே தள்ளும் ரத்தம் கொஞ்சம். அந்த அலை கை வரை வந்து சேராது. ஈசிஜியில் 76 இருக்கும். பட்டை 38 என்று காட்டும். கருவி பொய் சொல்லவில்லை, கைக்கு வந்தது அவ்வளவுதான். மணிக்கட்டு வாட்சும் சமயத்தில் இதே 38-ஐக் காட்டும், அதனால் "ரெண்டும் ஒத்துப்போகுது, அப்போ உண்மைதான்" என்று நம்பிவிடுவோம். இரண்டுமே அலையை எண்ணுபவை, ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். தீர்ப்புச் சொல்ல ஈசிஜிதான் வேண்டும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பிலும் இப்படித்தான்: ஈசிஜியில் 120, கையில் 90. இதில் பிபி எண்ணும் தடவைக்குத் தடவை மாறும், அதனால் ஒரே அளவை நம்பாமல் மூன்று எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்வார்கள். பிபி பார்க்கும்போதே இந்தத் தாறுமாறைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு; 2013-இல், சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அப்படி ஒரு கருவியைப் பரிந்துரைத்தது. உங்கள் மெஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால், அது பட்டை அசைந்ததால் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு, அதில் செட் செய்ததைவிடக் குறைவான எண் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே.

எண் 40 என்று காட்டி, கூடவே தலைசுற்றல், மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருந்தால் வழிகாட்டி படிக்கும் நேரமில்லை. 108-க்கு அழையுங்கள்.

பட்டையே இல்லாத வாட்சுகள்

இதைக் கேட்காதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. ஓம்ரான் ஹார்ட்கைடு, ஹுவாவே வாட்ச் டி போன்றவை வாட்ச் வாரிலேயே காற்றேறும் சின்னப் பட்டை வைத்தவை. மேலே சொன்னது அவற்றுக்கும் பொருந்தும், கையை இதய மட்டத்தில் வைப்பது இன்னும் முக்கியம். சாம்சங் கேலக்ஸி வாட்ச் வகை வேறு. அது ஒளி அலையின் வடிவத்தை வைத்து பிபியை ஊகிக்கிறது. அதற்கு 28 நாளுக்கு ஒரு தடவை உண்மையான பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். பட்டை இறுகாததால் தூக்கம் கலையாது, இரவுப் பல்ஸ் சுத்தமாக வரும். இதில் வாட்சுகளை மிஞ்ச ஏபிபிஎம்மால் முடியாது. ஆனால் இந்த வகைக் கருவிகள் சிலவற்றில் பிபியைக் கணக்கிடும் சூத்திரத்துக்குள்ளேயே இதயத் துடிப்பும் ஓர் உள்ளீடு. துடிப்பு ஏறினால் அதை வைத்தே பிபி ஏறியதாகக் காட்டலாம். இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறுவதை இரண்டு சாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. பட்டையில்லாக் கருவிகளை வைத்து நோயைக் கண்டறியவோ மருந்தை மாற்றவோ வேண்டாம் என்று 2023-இல் ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் வழிகாட்டி தெளிவாகவே சொல்லிவிட்டது. என் யோசனை: இரவுப் பல்ஸுக்கு வாட்ச், பிபிக்கு மேல்கைப் பட்டை, சந்தேகத்துக்கு ஈசிஜி.

அப்பாவுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தோம். வாட்ச் போன தடவை மாதிரியே மறு கையில்; இந்தத் தடவை குழாய் தோள் வழியாக, இரவு இடைவெளி முக்கால் மணி நேரம். மறுநாள் காலை அவருடைய டைரித் தாளை வாங்கிப் பார்த்தேன். பகலுக்குப் பதினொரு வரி எழுதியிருந்தார், காபி குடித்ததை மட்டும் மூன்று தடவை. இரவுக்கு ஒரே வரி: "பட்டை இறுகியதா தெரியாது, தூங்கிவிட்டேன்."